மாக்சிமஸ் வரலாற்று மனிதர் அல்லர்

2000-இல் வெளிவந்த ‘கிளாடியேட்டர்’ படம் உண்மை வரலாறு என்றும், துரோகத்துக்கு ஆளான தளபதி மாக்சிமஸ், ரோமப் பேரரசர் கொமோடஸை வீரர்கள் சண்டையிடும் அரங்கிலேயே கொன்று பழிதீர்த்தார் என்றும் பரவும் தகவல் தவறானது. மாக்சிமஸ் திரைக்கதைக்காகப் படைக்கப்பட்ட பாத்திரம். தந்தை மார்க்கஸ் அரேலியஸ் கி.பி. 180-இல் இறந்தபோது கொமோடஸ் ஏற்கெனவே மூன்று ஆண்டுகளாக இணைப் பேரரசராக இருந்தார். ஆகவே, படத்தில் வருவதுபோல் அரியணை கைநழுவும் அச்சத்தில் தந்தையைக் கொல்ல வேண்டிய நிலையே எழவில்லை. (மகனை மகிழ்விக்க மருத்துவர்களே அவரைக் கொன்றதாக அக்கால ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதியிருப்பது வேறு கதை.) கொமோடஸ் அரங்கில் இறங்கிச் சண்டையிட்டது உண்மைதான். ஆயினும் அவர் இறந்தது அங்கே அன்று. 192 டிசம்பர் 31 அன்று, காதலி மார்சியாவும் அரண்மனையினர் சிலரும் கொடுத்த நஞ்சு பலிக்காமல் போகவே, நார்சிஸஸ் என்ற மல்லர் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்.