கர்ப்பப்பை எடுத்தாச்சு, சரி. சினைப்பை இருக்கா?

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்குமா, கெடுக்குமா என்று ரெண்டு கட்சியாகச் சண்டை நடக்கிறது. வயசைக் கேட்காமல் அதற்குப் பதிலே கிடையாது.

பயம் தொடங்கியது 2002-ல், அமெரிக்காவின் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வில் ஒரு பிரிவைப் பாதியில் நிறுத்தியபோது. ஹார்மோன் மாத்திரை சாப்பிட்ட பத்தாயிரம் பெண்களுக்கு வருஷத்துக்கு 7 இதயநோய், 8 பக்கவாதம் கூடுதல். ஆனால் அவர்களின் சராசரி வயசு 63! ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்த பிறகு மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போய் என்ன செய்யும்? மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்குள், அறுபது வயசுக்குள் தொடங்குபவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கும் உடம்புக் கொதிப்பு, ராத்திரி வியர்வைக்காகத்தான் தர வேண்டும். இதயத்துக்காக மட்டும் எழுதிக் கொடுப்பது தப்பு என்பதே என் கருத்து.

நம்ம மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. மாதவிலக்கில் அதிக உதிரப்போக்குக்காக நாற்பதுக்குள் கர்ப்பப்பையை எடுத்த அக்காக்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். ‘பி.எஸ்.ஓ.’ என்றிருந்தால் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிற ரெண்டு சினைப்பையும் போய்விட்டது. 45-க்கு முன்னால் அப்படி எடுத்து, ஹார்மோனும் தராமல் விட்டால் இதயநோயும் எலும்புத் தேய்மானமும் சீக்கிரம் வரும். தடை ஏதும் இல்லையென்றால் ஐம்பது வயசுவரை ஹார்மோன் தர வேண்டியவர்கள் இவர்கள். இவர்களிடம் 2002-ஐக் காட்டிப் பயமுறுத்துவது அநியாயம்.

பிரஷர், பருமன் உள்ளவர்களுக்கும், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடியவர்களுக்கும் மாத்திரையைவிட தோலில் தடவும் ஹார்மோன் ஜெல் நல்லது. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறையும் பொருட்களைக் கூட்டும். தோல் வழியாகப் போவது அந்தச் சுற்றைத் தவிர்க்கும். தோலில் ஒட்டும் பேட்ச்சும் உண்டு, நம்ம சித்திரை வியர்வையில் ஒட்டி நிற்காது. ஜெல்லைக் காய்ந்த தோலில், கையிலோ தொடையிலோ தடவிக் காயவிடுங்கள். மார்பில் வேண்டாம். கை கழுவாமல் பேரப்பிள்ளையைத் தூக்காதீர்கள்.

கர்ப்பப்பை இருந்தால் புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோனும் கட்டாயம்: தினமும் படுக்கும்போது 100 மி.கி., அல்லது மாதத்தில் 12 நாள் 200 மி.கி. தூக்கம் வரும், அதனால்தான் ராத்திரி. அதை விட்டால் கர்ப்பப்பை உள்சவ்வு தடித்து, புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு, கல்லீரல் நோய் இருப்பவர்களுக்கும் ஹார்மோன் கூடாது.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிற பிரஷர் மாத்திரையை, ‘இப்ப நல்லாத்தானே இருக்கு’ என்று டப்பாவில் சேர்த்து வைக்கிறார்களே, பக்கவாதத்துக்கு ஹார்மோனைவிட அதுதான் பெரிய வாசல்.