கை போகாத இடத்தில் ஒரு சென்சார்

காரின் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கிற அந்த ஆக்சிஜன் சென்சாரை அந்த இடத்தில் வைத்த புண்ணியவான் ஒரு நாள் என் கையில் கிடைத்தால் திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன். ஒரு 22 ஸ்பேனரைக் கையில் கொடுத்து "ஐயா, நீங்களே கழற்றிக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். டீகூட வாங்கித் தருவேன்.

என்னிடம் இருப்பது 2011 மாடல் பெட்ரோல் கார். சென்னையில் வாங்கியது, புகைக் கட்டுப்பாட்டில் பி.எஸ்.4 ரகம். 15 வருஷம் ஆகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதற்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். நேரம் பார்த்துச் செக் என்ஜின் லைட் எரிந்தது. மைலேஜும் 15லிருந்து 12க்கு இறங்கியிருந்தது. கோளாறு எண்ணைப் படிக்கும் கருவியைச் செருகினால் பி0135, அதாவது முதல் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், ஹீட்டர் ஒயர் இரண்டுக்கும் நடுவே தொடர்பே இல்லை, உள்ளே அறுந்துவிட்டது. இந்த சென்சார் 300 டிகிரி பக்கம் சூடானால்தான் வாயைத் திறக்கும். அதுவரைக்கும் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கெல்லாம் கிடையாது, என்ஜின் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற ஊரில் ஹீட்டர் இல்லாத சென்சார் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

சரி, கெட்டுப்போனது, மாற்றிவிடலாம். அதில் எனக்குக் கோபமே இல்லை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் உழைத்த பொருள், போகட்டும். என் கோபமெல்லாம், ஒரு நாள் நிச்சயம் மாற்றத்தான் வேண்டியிருக்கும் என்று தெரிந்தே ஒரு பொருளை, என்ஜினுக்கும், அதற்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பான பயர்வாலுக்கும் நடுவில், மேலே ஏசி பைப், கீழே சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராக், முன்னால் சூட்டை மறைக்கும் ஹீட் ஷீல்டு தகடு என்று சுற்றிலும் காவல் போட்டு வைத்திருக்கிறார்களே, அதன் மேல்தான். தொழிற்சாலையில் என்ஜினை வண்டிக்குள் இறக்குவதற்கு முன்பே அதை முடுக்கிவிடுகிறார்கள், அவர்களுக்கு என்ன, அரை நிமிஷ வேலை. கழற்றப்போகிறவன் கையும் தோளும் உள்ள மனுஷன் என்ற ஞாபகமே யாருக்கும் வரவில்லை போல.

மெக்கானிக்குகளிடம் போகவில்லையா என்று கேட்காதீர்கள், மூன்று பேரிடம் போனேன். ஒருவர் சென்சார் மாட்டியிருக்கும், என்ஜின் புகை வெளியேறும் மேனிஃபோல்டையே இறக்கினால்தான் ஆகும், இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். இன்னொருவர் "லைட்டு எரிஞ்சா எரியட்டும் சார், வண்டி ஓடுதுல்ல?" என்றார். மூன்றாமவர்தான் மேதை. மீட்டர் போர்டைக் கழற்றி அந்த பல்பை மட்டும் எடுத்துவிடுகிறேன், முந்நூறு ரூபாய் கொடுங்கள் என்றார். காய்ச்சல் என்று போனவனிடம் தெர்மாமீட்டரைப் பிடுங்கி உடைக்கிற வைத்தியம்!

அப்புறம் இந்த வீடியோக்கள். நாலு நிமிஷத்தில் மாற்றிவிடுகிறான். வண்டி தலைக்கு மேல் லிஃப்டில் நிற்கிறது, சென்சார் முன்பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது, அவன் கையில் ஒரு சொட்டு அழுக்கில்லை. அதைப் பார்த்துத் தைரியம் வந்து ஜி.பி. ரோட்டுக்குப் போய்ப் புது சென்சாரும், ஒயர் நுழைவதற்குப் பக்கவாட்டில் பிளவு விட்ட சாக்கெட்டும் வாங்கி வந்தேன் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது சனி.

முதல் ஞாயிறு முழுக்க ஹீட் ஷீல்டுக்கே போனது. மூன்றே மூன்று 10 நம்பர் போல்ட், மூன்றும் துரு. மேலேயிருந்து கையை விட்டால் முழங்கை மாட்டுகிறது, கீழேயிருந்து விட்டால் கை போகிறது ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி படுத்தால் கை எட்டவில்லை. துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயில் பாதி போல்ட்டுக்கு, மீதி என் கண்ணுக்கு. பக்கத்து வீட்டுத் தாத்தா வாக்கிங் போகும்போது குனிந்து, "என்னப்பா, காருக்குக் கீழயே குடித்தனம் வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெரியவர், பதில் சொல்லவில்லை.

இரண்டாவது ஞாயிறு சென்சார். சாக்கெட்டைப் போட்டு ராட்செட்டை மாட்டினால் கைப்பிடி பயர்வாலில் இடிக்கிறது. எக்ஸ்டென்ஷனும் முட்டி ஜாயின்ட்டும் போட்டுக் கீழேயிருந்து நெம்பினேன், சென்சார் அசையவில்லை, சாக்கெட்டின் பிளவுதான் வாயைப் பிளந்தது. இன்னும் ஒரு தடவை அழுத்தியிருந்தால் சென்சாரின் ஆறு மூலையும் உருண்டு வட்டமாகியிருக்கும், அப்புறம் மேனிஃபோல்டை இறக்குவதைத் தவிர வேறு வழியே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. எப்படியும் தூக்கிப் போடப்போகிற சென்சார், அதன் ஒயரைக் காப்பாற்றத்தானே இந்தப் பிளவு சாக்கெட்? கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரை நறுக்கினேன். இரண்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அந்த 'நறுக்'தான். இனிமேல் முழு ரிங் ஸ்பேனரே உள்ளே போகும். என்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தேன், லேசாகச் சூடு இருந்தால் மரை கொஞ்சம் இளகும். ஸ்டியரிங் ராக்குக்கு மேலே இருந்த சந்து வழியாக ஸ்பேனரைச் செருகி, அதன் வாலில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி, வாட்ச்மேன் அண்ணன் டார்ச் பிடிக்க, காலை டயரில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு இழுப்பு. 'டக்' என்று ஒரு சத்தம். உடைந்ததா கழன்றதா என்று தெரியாமல் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கழன்றுதான் இருந்தது. ஆனாலும் நிம்மதியாகச் சுற்ற முடியுமா? ஸ்பேனர் ஒரு பல் நகர 30 டிகிரி வேண்டும், இடம் இருந்தது அதைவிட ஒரு நூல்தான் அதிகம். சுற்று, எடு, தடவிப் பார்த்து மாட்டு, மறுபடி சுற்று. பழையது வெளியே வருவதற்குள் இடது முன்கையில் மேனிஃபோல்டு ஒரு கோடு இழுத்துவிட்டது, இன்னும் இருக்கிறது.

புதியதை மாட்ட இருபது நிமிஷம். மரை இறுகிப்போகாமல் இருக்க அதில் பசை தடவியே வந்திருந்தது, நான் அதன் மேல் எதையும் பூசவில்லை, முனையையும் தொடவில்லை. கருவியைச் செருகிக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு மூன்று நாள் ஓட்டினேன், லைட் வரவில்லை. புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீத வரம்புக்குள் சமர்த்தாக நின்றது. மைலேஜ் 14ஐத் தாண்டியிருக்கிறது.

ஹீட் ஷீல்டின் மூன்றாவது போல்ட் மட்டும் டேஷ்போர்டில் சில்லறை போடுகிற குழியில் கிடக்கிறது. மூன்றாவது கியரில் கீழேயிருந்து கிணுகிணுவென்று ஒரு சத்தம் வருகிறது. அதைப் போட மறுபடியும் கீழே படுக்க வேண்டுமாம். கிணுகிணுக்கட்டும், பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.