கதவில்லாத நாவல்

(இலங்கை, முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான். பின்னேரம். அம்மம்மா சுளகில் அரிசி புடைக்கிறார். பேத்தி கொப்பியோடு விறாந்தையில். கணக்குக் கொப்பிதான், ஆனால் பின்பக்கம்.)

பேத்தி: அம்மம்மா, நான் நாவல் எழுதுகிறேன். என் வயதுப் பிள்ளைகளுக்கு.

அம்மம்மா: முதலில் ஓ.எல். சோதனையை எழுது.

பேத்தி: அமெரிக்க எழுத்தாளர் எஸ். ஈ. ஹின்ரன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதத் தொடங்கியது 15 வயதில். 1967இல் புத்தகமே வந்துவிட்டது. அதுவும், அவருக்குப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பாடத்துக்கு 'டி' தான் போட்டார்களாம்.

அம்மம்மா: எங்களிடம் 'டி' இல்லை, பிள்ளை. சாதாரண பாஸ் 'எஸ்'சைத் தவறவிட்டால் நேரே 'டபிள்யூ', பெயில்தான். சரி, கதையைச் சொல்லு.

பேத்தி: கதாநாயகிக்கு அம்மாவோடு சண்டை. அவள் அறைக்குள் போய்ப் படாரென்று கதவைச் சாத்துகிறாள்.

அம்மம்மா: எந்தக் கதவை? வீட்டுத்திட்டக் காசு கூரையோடு முடிந்தது. அறைக்குச் சேலைதானே தொங்குகிறது?

பேத்தி: அப்போ… வேகமாக இழுத்து விடுகிறாள்.

அம்மம்மா: கம்பியோடு கழன்று வரும். பிறகு அவளே ஏறிக் கட்டட்டும்.

பேத்தி: இப்படியான கதைகளில் பெரியவர்கள் குறுக்கே நிற்கக்கூடாது, அம்மம்மா. ஹரி பொட்டருக்குத் தாய் தகப்பன் இல்லை. அவுட்சைடர்ஸ் அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் இல்லை. நானும் முதல் அத்தியாயத்திலேயே இரண்டு பேரையும் சாகடித்துவிட்டால்…

(சுளகு நின்றுவிடுகிறது.)

அம்மம்மா: இந்த ஊரில் இருந்துகொண்டு அதை இவ்வளவு லேசாகச் சொல்லாதே.

பேத்தி: …சரி, அம்மம்மா.

(கொஞ்ச நேரம் அரிசிச் சத்தம் மட்டும்.)

அம்மம்மா: தாயைக் கட்டாருக்கு அனுப்பு.

பேத்தி: அட! இனி அவளைக் கேட்க ஆளில்லை.

அம்மம்மா: ஏன் இல்லை? இரவானால் வீடியோ கோலில் வருவாள். போனைத் திருப்பு, குசினியைக் காட்டு, சாப்பிட்ட கோப்பையைக் காட்டு என்பாள். உன் அம்மா விடுகிறாளா?

பேத்தி: அப்படியென்றால் இரவோடு இரவாக வீட்டை விட்டு ஓடுகிறாள்.

அம்மம்மா: வயலில் யானை நிற்கும்.

பேத்தி: பகலில்! மாங்குளம் பஸ்ஸில்!

அம்மம்மா: கொண்டக்டர் 'நீ யாருடைய பிள்ளை?' என்பார். பேரைச் சொன்னால் சித்தப்பா முறையாக வருவார். அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார். டிக்கெட் காசும் வாங்கமாட்டார்.

பேத்தி: நாவல் 12ஆம் பக்கத்திலேயே முடிந்துவிட்டது, அம்மம்மா.

(போன் அடிக்கிறது. கட்டார்.)

அம்மம்மா: ஓம் மகள்… படிக்கிறாள்… ஓம், கணக்குத்தான். கொப்பி கையில்தான் இருக்கிறது.

(போனைப் பொத்திக்கொண்டு, பேத்தியிடம்)

அம்மம்மா: சேலை கிழிந்திருக்கிறதை மட்டும் எழுதிவிடாதே.