பழைய கேமராவில் 1.5 வோல்ட் பேட்டரி: எல்லாவற்றிலும் சரிவராது

"625 அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் பொத்தான் பேட்டரி கிடைக்கிறது, பழைய கேமராவில் போட்டுக்கொண்டு கிளம்பலாம்" என்பது பாதிதான் சரி. கேனனெட் கியூஎல்17 ஜி-III போன்ற ஃபிலிம் கேமராக்களின் லைட் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் கருவி), இப்போது விற்பனையில் இல்லாத 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அளவமைக்கப்பட்டது. 1.5 வோல்ட் கொடுத்தால் பொதுவாக வெளிச்சத்தை அதிகமாகக் காட்டும், படம் இருண்டுபோகும். நெகட்டிவ் ஃபிலிம் ஓரளவு தாங்கும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. ஐஎஸ்ஓ டயலை (ஃபிலிமின் ஒளியுணர்வை மீட்டருக்குச் சொல்லும் டயல்) குறைத்து ஈடுகட்டலாம் என்றால், அல்கலைனின் வோல்ட்டேஜ் பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கும். இன்று வைத்த கணக்கு அடுத்த ஊரில் பொருந்தாது.

மலிவான வழி, காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரி (சுமார் 1.4 வோல்ட்). விட்டம் சிறியது, சுற்றி ஒரு வளையம் வேண்டும். காற்றுத் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். ஸ்டிக்கரை உரித்துச் சில நிமிடம் காற்றாட விட்டுப் போடுங்கள். உரித்தபின் பயன்படுத்தாவிட்டாலும் ஓரிரு மாதத்தில் தீர்ந்துவிடும், எனவே உரிக்காத பேட்டரிகள் இரண்டைப் பையில் வைத்திருங்கள். நிரந்தரத் தீர்வு, வோல்ட்டேஜைக் குறைக்கும் அடாப்டரும் சில்வர் ஆக்சைடு பேட்டரியும்.

பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் விதிவிலக்கு: அதன் மீட்டரில் உள்ள பிரிட்ஜ் சர்க்யூட் (வோல்ட்டேஜ் மாறினாலும் அளவீடு மாறாத மின்சுற்று) காரணமாக 1.5 வோல்ட் பிரச்சினையே இல்லை.