ஸாக் பிரிட்டனை ஷோவால்டர் எதற்குக் காத்து வைத்தார்?

பேஸ்பாலில் வெளியூர் மைதானத்தில் ஆடும்போது முன்னிலை கிடைக்கும்வரை க்ளோசரை, அதாவது முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்துவீச்சாளரை, இறக்காமல் வைத்திருப்பதுதான் முறை, பால்டிமோர் ஓரியோல்ஸ் மேலாளர் ஷோவால்டர் செய்தது சரி என்கிறீர்கள். மன்னிக்கவும், ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2016 அக்டோபரில் டொராண்டோவில் புளூ ஜேஸ் அணியுடன் நடந்தது தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய ஒற்றை ஆட்டம், 2-2 என்று பதினோராவது இன்னிங்ஸ் வரை இழுத்துக்கொண்டு போகிறது, அந்த சீசனில் 47 வாய்ப்பில் 47 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டம்) எடுத்து 0.54 இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் சேரும் சராசரி ரன், குறைந்தால் நல்லது) வைத்திருந்த ஸாக் பிரிட்டன் மாற்றுப் பந்துவீச்சாளர்கள் காத்திருக்கும் புல்பென்னிலேயே இருக்கிறார், பந்து யார் கையில்? உபால்டோ ஹிமெனஸ். அவருடைய இஆர்ஏ 5.44! கடைசி வாரங்களில் பரவாயில்லாமல் வீசினார் என்பது உண்மைதான், அதற்காக இந்த நேரத்திலா? டொராண்டோவின் டிராவிஸ் ஒரு சிங்கிள் (முதல் பேஸை எட்டும் அடி), டொனால்ட்சன் ஒரு சிங்கிள், அடுத்து என்கார்னசியோன் முதல் பந்தையே பார்வையாளர் பக்கம் தூக்கிவிட்டார், மூன்று ரன். 5-2, கதை முடிந்தது.

சமநிலையில் இருக்கும்போது கடைசியாக பேட் செய்யும் சொந்த ஊர் அணி ஒரு ரன் எடுத்தாலே ஆட்டம் போய்விடும், அப்புறம் எந்த முன்னிலையைக் காப்பாற்ற அவரை வைத்திருந்தார்? ஹிமெனஸைத் திட்டுகிறவர்களையும் எனக்குப் புரியவில்லை, அவரா தன்னை அனுப்பச் சொன்னார். டொனால்ட்சன் அடித்த பிறகாவது பிரிட்டனைக் கூப்பிட்டிருக்கலாம்.