டிஎன்ஏ மாறவில்லை, ஆர்என்ஏதான் ஆட்டம் காட்டுகிறது

உங்கள் பதிவில் "நரம்பில் அடிபட்டால் டிஎன்ஏவே மாறிவிடும், அதனால்தான் வலி ஆயுசுக்கும் போகாது" என்று எழுதியிருக்கிறீர்கள். தப்புங்க. டிஎன்ஏவில் உள்ள எழுத்து வரிசை மாறுவதில்லை, எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மாறுகிறது.

2013-இல் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் வந்த எலி ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில் உள்ள செல்களில் கேசிஎன்ஏ2 என்று ஒரு ஜீன் இருக்கிறது, அது தயாரிக்கும், செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயில்தான் நரம்பு கண்டபடி துடிக்காமல் பிரேக் போடுகிறது. அடிபட்டதும் எம்இசட்எஃப்1 என்ற புரதம் கூடி, அதே ஜீனுக்கு எதிர்த்திசையில் ஒரு நீண்ட ஆர்என்ஏவை (டிஎன்ஏவைப் படித்து செல் எடுக்கும் நகல்) உற்பத்தி பண்ண வைக்கிறது. அந்த ஆர்என்ஏ புரதமாக மாறாது, ஆனால் கேசிஎன்ஏ2-வை அடக்கிவிடும். பிரேக் போச்சு, சும்மா தொட்டாலே வலி. இதில் கவனிக்க வேண்டியது, அடிபடாத எலிக்கு அந்த ஆர்என்ஏவை மட்டும் கூட்டியபோதும் வலி அறிகுறிகள் வந்தன, அடிபட்ட எலிக்கு அது கூடாமல் தடுத்தால் வலி குறைந்தது.

சரி, இது எலியில்தான், மருந்துக்கடையில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. அதற்காக "ஆயுசுக்கும் போகாது" என்று வலியில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள்.