பட்டாசுச் சத்தம் நாய்க்குப் பழகிவிடுமா?

"வருஷா வருஷம் கேட்டால் நாய்க்குப் பட்டாசுச் சத்தம் பழகிவிடும், வெடிக்கக் கட்டுப்பாடெல்லாம் எதற்கு?" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. ஏற்கெனவே மிரண்ட நாய்க்கு அடுத்தடுத்த வெடிகள் பயத்தைக் கூட்டத்தான் செய்யும். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற அளவு) வரை கேட்கும். நாய்க்கு சுமார் 45,000 வரை எட்டும்; நமக்குக் கேட்காத கீச்சொலியும் அதற்குக் கேட்கும். அப்புறம், அடுத்த வெடி எப்போது, எங்கிருந்து என்று அதற்குத் தெரியாதே! பழக்குவது வேறு வேலை: பதிவு செய்த ஒலியை மிக மெல்ல ஒலிக்கவிட்டு, பிடித்த தீனி கொடுத்து, வாரக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். சரவெடி அப்படி வராது.

"வீட்டுக்குள் பூட்டி வையுங்கள்" என்கிறார்கள். சரி, பறவைகளை எங்கே பூட்டுவது? நெதர்லாந்தில் புத்தாண்டு நள்ளிரவில் பட்டாசு வெடித்ததும் பறவைகள் கூட்டங்கூட்டமாகக் கலைந்து மேலெழுவது வானிலை ரேடாரிலேயே பதிவாகியிருக்கிறது.